பீரங்கிக்குப் பூ வைத்த பெண்கள்

கோட்டை பார்க்கப் போகலாம் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவாக உற்சாகம் பிறப்பதில்லை. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கோட்டை வாசலில் நுழைந்ததுமே புருஷர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ நேற்றுத்தான் சேனாதிபதி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் போல் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். "இங்கேதான் பீரங்கி இருந்திருக்கும், அங்கேயிருந்துதான் எதிரி வந்திருப்பான்" என்று வியாக்கியானம் வேறு! பெண்கள் தண்ணீர்ப் பாட்டிலையும் குழந்தையின் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு நிழலைத் தேடுகிறார்கள். எத்தனை பேர் வெட்டினார்கள், எத்தனை பேர் வெட்டுப்பட்டார்கள் என்ற கணக்கில் அவர்களுக்கு என்ன சுவாரசியம் இருக்க முடியும்?

இந்த வாரம் நான் சொல்ல வந்திருப்பதும் ஒரு கோட்டையைப் பற்றித்தான். அவசரப்பட்டுப் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இது சண்டையே போடாத கோட்டை. இதன் பீரங்கிகள் ஒரு யுத்தத்திலும் முழங்கியதில்லை. ஆனால் இதற்குள் ஒரு கல்யாணம் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் இருக்கிறார்கள். கைக்கு வராமல் போன சொத்து ஒன்று இருக்கிறது. தாய்மாரைப் பிரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடர்கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தின் கடற்கரை முனையில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டையைத்தான் சொல்கிறேன்.

பினாங்கு நமக்கு அந்நியமான பெயர் அல்ல. தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் பினாங்குக்குப் போன தாத்தாவோ, பெரியப்பாவோ ஒருவராவது இருப்பார். 1926-ம் ஆண்டு முதல் 1973-ம் ஆண்டு வரை கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பல் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்துக்கொண்டிருந்தது. அதில் ஏறிப் போனவர்களின் தகரப் பெட்டிகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன.

இப்போது ஆகாய விமானத்தில் போனாலும், ஒரு முறையாவது எதிர்க்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கிருந்து படகில் ஏறிப் பினாங்குக்கு வந்து பாருங்கள். தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் அந்த ஊர் எதற்காக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது புரியும். தீவின் மூக்கு போல் நீண்ட ஒரு முனை. அந்த முனையில் தாழ்ந்த மதில். மதிலுக்குப் பக்கத்தில், கப்பலின் பாய்மரக் கம்பத்தைப் பிடுங்கி நட்டாற்போல் 1882-ல் எழுப்பிய வெள்ளைக் கலங்கரை விளக்கம்.

பினாங்கிலேயே பிறந்து வளர்ந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் என்னைக் கோட்டைக்கு அழைத்துப் போனார். எழுபதைத் தாண்டியவர். நடையில் மட்டும் அந்த எழுபது தெரியவில்லை. வாசலிலேயே குடையை விரித்து என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, இங்கே வெயிலும் வரும், மழையும் வரும். இரண்டும் சொல்லிக்கொண்டு வராது" என்றார். அந்த ஊரின் சீதோஷ்ணத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

காட்டுக்குள் வெள்ளிக் காசு

1786-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கில வியாபாரி இந்த முனையில் கொடியேற்றித் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் எடுத்துக்கொண்டார். மறுநாள் இங்கிலாந்து இளவரசரின் பிறந்த நாள். ஆகவே தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று நாமகரணம் ஆயிற்று.

தீவு அதற்கு முன் கெடா சுல்தானுக்குச் சொந்தம். நம் சரித்திரப் பாடத்தில் 'கடாரம்' என்று படித்தோமே, அந்தக் கடாரம்தான் கெடா. சயாமிய அரசு எந்த நேரமும் மேலே பாயும் என்ற பயம் சுல்தானுக்கு. ஆபத்து வந்தால் கம்பெனி ஒத்தாசை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அவர் தீவைக் கொடுத்தார். கம்பெனியோ தீவை வாங்கிக்கொண்டது. ஒத்தாசை விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏமாந்துபோன சுல்தான் 1791-ல் தீவைத் திரும்பப் பிடிக்கப் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு அந்தப் படையைக் கலைத்துவிட்டார். கடைசியில் வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று பேசி முடித்தார்கள். 1821-ல் சயாம் உண்மையாகவே கெடாவின் மேல் பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. வாய் வார்த்தையை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தவர்களின் கதை நம் தெருவிலும் உண்டு. ராஜாக்களுக்கும் அதே கதைதான்.

முதலில் கட்டிய கோட்டை வெறும் மர வேலி. 'நிபோங்' என்ற ஒருவகைப் பனைமரத்தின் தண்டுகளை வரிசையாக நட்டு எழுப்பிய அடைப்பு, அவ்வளவுதான். சுற்றிலும் அடர்ந்த காடு. அதை வெட்ட ஆட்கள் சுலபமாக வரவில்லை. லைட் ஒரு பீரங்கியில் குண்டுக்குப் பதிலாக வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசைத் தேடிப் போனவர்கள் வழியில் இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்தார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ, கட்டியதோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது. "எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான் தம்பி, காசை வீசினால் மரம் விழுந்துவிடுகிறது" என்றார் அம்மாள்.

பெயர் கொடுத்த பிரபு

கோட்டைக்குப் பெயர் கொடுத்தவர் அப்போது இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்த கார்ன்வாலிஸ் பிரபு. 1781-ல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தவர் இவர்தான். அங்கே தோற்றவர் இங்கே ஜெயித்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானைப் பணிய வைத்தார். நஷ்ட ஈட்டுத் தொகையைத் திப்பு செலுத்தி முடிக்கும் வரையில் அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சிறுவர்கள். யானைமேல் ஏற்றி எதிரியின் பாசறைக்கு அவர்களை அனுப்பிவைத்தார்கள். பிறகு சென்னையில் இருந்தார்கள். 1794-ல்தான் வீடு திரும்பினார்கள்.

சென்னை வாசகிகள் இதற்காகப் பினாங்கு வரை போக வேண்டியதில்லை. ஜார்ஜ் கோட்டை மியூசியத்தில் கார்ன்வாலிஸின் பெரிய பளிங்குச் சிலை நிற்கிறது. அதன் பீடத்தைக் குனிந்து பாருங்கள். அந்தக் குழந்தைகளை ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். சிற்பிக்கு அது வெற்றிச் சின்னம். ஒரு தாய் பார்த்தால் வேறு என்னவாகவோ தெரியும்.

இந்தச் சங்கதியை நான் சொன்னதும் அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வருஷம்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை" என்றார்.

கல் சுமந்தவர்கள்

மர வேலியை எடுத்துவிட்டுக் கல்லும் செங்கல்லுமாக இன்று நாம் பார்க்கும் கோட்டையை எழுப்ப ஆரம்பித்தது 1804-ல். வேலை 1810 வாக்கில் முடிந்தது. சதுரமான அமைப்பு. நான்கு மூலைகளிலும் அம்புத் தலை போல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கொத்தளங்கள். எந்தப் பக்கத்து மதிலை எதிரி நெருங்கினாலும் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து அவனைச் சுடலாம் என்பது அதன் சூட்சுமம். மதில் ஏறக்குறையப் பத்தடி உயரம். உள்ளே 1814-ல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கு. அதன் சுவர் தடிமனைப் பார்த்தால் நம் பழைய வீட்டு நெற்குதிர் ஞாபகம் வருகிறது. உள்ளே போனால் வெளி வெயில் மறந்துபோகும்.

இதையெல்லாம் கட்டியவர்கள் யார்? பெரும்பாலும் இந்தியக் கைதிகள். அந்தக் காலத்தில் கம்பெனி தன் கைதிகளைக் கடல் கடத்தித் தண்டிப்பது வழக்கம். அந்தமானில் முதலில் வைத்த குடியேற்றம் நோயினால் சரிப்படாமல் 1796-ல் மூடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகளைப் பினாங்குக்குத்தான் கொண்டுவந்தார்கள். வங்காளத்திலிருந்து வந்தார்கள், பம்பாயிலிருந்து வந்தார்கள், நம் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தார்கள். பினாங்கின் சாலைகளிலும் வாய்க்கால்களிலும் கட்டடங்களிலும் அவர்களுடைய வியர்வை இருக்கிறது. ஒரு கல்லிலும் அவர்களுடைய பெயர் இல்லை.

பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள் அல்லவா? அதோடு கம்பெனியின் கோபம் அடங்கவில்லை. பாளையக்காரர் யுத்தத்தில் பிடிபட்டவர்களில் சுமார் எழுபது பேரை 1802-ம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி 'வேல்ஸ் இளவரசர் தீவு'க்கு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். அப்போது வயது பதினைந்து என்று சொல்கிறார்கள். நம் வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறானே, அந்த வயது.

கம்பெனிப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரிக்குச் சின்ன மருதுவைப் பழக்கம் உண்டு. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1818-ல் பினாங்குக்கு வந்தபோது, தளர்ந்துபோன ஒரு கிழவர் அவரைத் தேடி வந்து நின்றார். அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது துரைசாமி. வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பதைச் சற்றே தாண்டியிருக்கும். பதினாறு வருஷம் ஒரு பிள்ளையைக் கிழவனாக்கிவிட்டது.

துரைசாமி இந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தாரா என்றால், அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மதில் எழும்பிய ஆறு வருஷமும் அவர் வாழ்ந்தது இதே தீவில். மதிலின்மேல் கையை வைத்துப் பார்க்கும்போது அந்த நினைவு வராமல் இருக்குமா?

ஸ்ரீ ரம்பை

மனத்தைக் கொஞ்சம் இலேசாக்கிக்கொள்ள வடக்கு மதில் பக்கம் போவோம். அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு வெண்கலப் பீரங்கி இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதை 'ஸ்ரீ ரம்பை' என்று அழைக்கிறார்கள். பத்தடிக்கு மேல் நீளம். பச்சை பூத்த உடம்பு.

நம் பெண்கள் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடு பார்த்திருப்பார்கள். இந்த ரம்பை பார்த்த வீடுகளுக்குக் கணக்கில்லை. 1603-ல் ஹாலந்தில் வார்க்கப்பட்டவள். டச்சுக் கம்பெனிக்காரர்கள் வியாபாரச் சலுகை வேண்டி ஜொகூர் சுல்தானுக்குச் சீராகக் கொடுத்தார்கள். பத்து வருஷம்கூட ஆகவில்லை. 1613-ல் சுமத்திராவின் அச்சே அரசர் ஜொகூரை அடித்து நொறுக்கி, சுல்தானோடு பீரங்கியையும் தூக்கிக்கொண்டு போனார். அந்த வெற்றியை அவள் மேனியிலேயே வெள்ளி இழைத்து எழுதியும் வைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அவள் சிலாங்கூருக்குப் போய்ச் சேர்ந்தாள். 1871-ல் கடற்கொள்ளையர் ஒரு பினாங்குப் படகைப் பிடித்துச் சிலாங்கூருக்குக் கொண்டுபோனார்கள் என்ற சாக்கில் ஆங்கிலேயர்கள் அந்தத் துறைமுகத்தைத் தாக்கி, கோட்டைகளை இடித்து, பீரங்கியைப் பறித்துக்கொண்டு வந்தார்கள்.

பினாங்கில் அவள் கடலுக்குள் கிடந்தாள் என்றும், எத்தனை பேர் இழுத்தும் வராதவள், சிலாங்கூர்ப் பிரபு ஒருவர் ஒரு நூலைக் கட்டி "வா" என்று கூப்பிட்டதும் மிதந்து வந்துவிட்டாள் என்றும் ஐதிகம். வெகுநாள் கடற்கரை மைதானத்தில் இருந்தவளை 1950-களில்தான் கோட்டைக்குள் குடியேற்றினார்கள்.

இவளுக்கு இன்னொரு கியாதி உண்டு. பிள்ளை இல்லாத பெண்கள் இந்தப் பீரங்கியின் குழலில் பூவை வைத்து வேண்டிக்கொண்டால் மடி நிறையும் என்பது பினாங்குப் பெண்களின் நம்பிக்கை. மலாய், சீனர், தமிழர் என்று ஜாதி மதம் பார்த்து வந்ததல்ல அந்த ஆசை. ஏக்கத்துக்கு ஏது பாஷை?

"என் அம்மாவும் பூ வைத்திருக்கிறார்" என்றார் அம்மாள், மிகச் சாதாரணமாக.

நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் பிரார்த்தனை நடந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து அக்காள்தான், "எதற்கும் அங்கேயும் ஒரு பூ வைத்துவிடு" என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் பீரங்கியிடம் அழைத்துப் போனாளாம். மறு வருஷம் இந்த அம்மாள் பிறந்தார்.

"நான் மாரியம்மன் கொடுத்த பிள்ளையா, பீரங்கி கொடுத்த பிள்ளையா என்று எங்கள் வீட்டில் கடைசிவரையில் தீர்மானமாகவில்லை. நான் ஏதாவது சத்தமாகப் பேசிவிட்டால் மட்டும் அப்பா, 'சந்தேகமே இல்லை, இது பீரங்கிதான்' என்பார்!"

சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று தோன்றியது. டாக்டரிடம் போக வசதியில்லாத, போனாலும் குறை யாரிடத்தில் என்று பார்க்காமலே பெண்ணின் தலையில் பழியைப் போட்ட காலம் அது. அந்தக் காலம் முழுக்கப் போய்விட்டதா என்பதை வாசகிகள்தான் சொல்ல வேண்டும். நூறு மைல் சுற்றளவில் வாயைத் திறந்து ஆறுதல் சொல்ல மனுஷர் இல்லாதபோது, ஒரு பெண் பீரங்கியின் வாயைத் தேடிப் போனாள். உயிரை வாங்குவதற்கென்று வார்த்த ஒன்றிடம் உயிரைக் கொடு என்று கேட்டாள்.

கோட்டைக்குள் ஒரு கல்யாணம்

தென்மேற்கு மூலையில் சின்னதாக ஒரு பிரார்த்தனை மண்டபம். 1799-ல் கட்டியது. அதில் நடந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் கல்யாணம் அதே வருஷத்தில் நடந்தது. மணமகன் ஜான் டிம்மர். மணமகள் மார்ட்டினா ரோசெல்ஸ்.

யார் இந்த மார்ட்டினா? தீவில் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட்டோடு 1772-லிருந்து குடும்பம் நடத்தியவள். போர்த்துகீசிய இரத்தமும் இந்தக் கீழ்த்திசை இரத்தமும் கலந்த வம்சம். அவளைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை. கெடா ராஜகுமாரி என்றும், பினாங்கே அவளுக்குக் கொடுத்த சீதனம் என்றும்கூடச் சொல்லிவிட்டார்கள்! உண்மை அவ்வளவு சொகுசானது அல்ல. லைட்டின் ஐந்து பிள்ளைகளுக்கும் அவள்தான் தாய். ஆனாலும் கம்பெனி உலகம் அவளை மனைவியாக ஏற்றுக்கொள்ளவில்லை.

1794-ல் லைட் மலேரியாக் காய்ச்சலில் இறந்தார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு உயிலில் நிலமும் மிளகுத் தோட்டமும் எழுதிவைத்தார். உயில் எழுதிவிட்டால் போதுமா? அதைக் கையில் கொண்டுவந்து கொடுக்க மனுஷர் வேண்டாமா? சொத்தில் பெரும்பகுதி அவளிடம் நிலைக்கவில்லை. லைட் ஆசையாக 'சஃபோக்' என்று தம் சொந்தச் சீமையின் பெயரை வைத்த தோட்டம் கைமாறி, பிறகு ஒரு கவர்னரின் மாளிகையாயிற்று. அந்த 'சஃபோக் மாளிகை' இன்றும் பினாங்கில் இருக்கிறது. மார்ட்டினாவின் பெயரால்தான் ஒன்றும் இல்லை.

ஐந்து பிள்ளைகளில் ஒருவன் வில்லியம். 1786-ல் பிறந்தவன். ஆறு வயதில் அவனைப் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். திப்புவின் பிள்ளைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அந்தப் பிள்ளை பின்னால் பட்டாளத்தில் சேர்ந்து, வெல்லிங்டனின் படையில் ஸ்பெயினில் போரிட்டு, சித்திரங்கள் எழுதி, கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அடிலெய்ட் நகரத்துக்குத் திட்டம் வகுத்தவன். நகரத்தைச் சுற்றிலும் மாலை போட்டாற்போல் பூங்கா நிலங்களை விட்டுவைத்த அந்தத் திட்டத்தை இன்றும் உலகம் மெச்சுகிறது.

இப்போது கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலையைப் பாருங்கள். தீவில் கொடியேற்றி நூற்றைம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட 1936-ல் வைத்தது. சிலை செய்ய வேண்டுமென்று தீர்மானித்த பிறகுதான் லைட்டுக்குப் படமே கிடையாது என்று தெரிந்ததாம். என்ன செய்வது? மகன் வில்லியத்தின் முகச்சாயலை வைத்துத் தகப்பனுக்குச் சிலை வார்த்துவிட்டார்கள்.

"அப்படியென்றால் அது மார்ட்டினா பெற்ற முகம்!" என்றார் அம்மாள்.

எவ்வளவு சரி! பிள்ளையின் முகத்தில் தகப்பன் பாதி என்றால் தாய் பாதி இல்லையா? சிலை வைத்தவர்கள் அவளைக் கூப்பிடவில்லை. அவள் தானாகவே வந்து பீடத்தில் ஏறிக்கொண்டுவிட்டாள்.

கோட்டை பூங்காவான கதை

போரைப் பார்க்காத கோட்டைக்குப் பிறகு என்ன வேலை இருக்கும்? வெகுகாலம் சர்க்கார் உபயோகத்தில் இருந்தது. சுற்றி ஓடிய அகழி முப்பதடி அகலம். 1920-களில் மலேரியாவுக்குப் பயந்து அதை மண் போட்டு மூடிவிட்டார்கள். எதிரியைத் தடுக்க வெட்டிய அகழியில் கடைசியில் குடியேறிய ஒரே எதிரி கொசுதான்! 1977-ல் கோட்டையைப் புராதனச் சின்னமாக அறிவித்தார்கள். 2008-ல் ஜார்ஜ் டவுன் நகரத்தின் பழைய பகுதி முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாகச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு கோட்டையையும் கடற்கரையையும் சேர்த்து ஒரே பூங்கா போல் சீர்திருத்தும் வேலை சூடுபிடித்தது. மண்ணைத் தோண்டி அகழியைத் திரும்ப வெளியே எடுக்கும் வேலையும் அதில் ஒன்று.

உள்ளே இப்போது புல்தரை, நிழல் மரங்கள், உட்கார ஆசனங்கள், பாட்டுக்கும் கூத்துக்கும் திறந்தவெளி மேடை. நான் போயிருந்த மாலையில் ஒரு சீனப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் கொத்தளத்தின் மேல் ஏறிப் படம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மலாய்க் குடும்பம் பாயை விரித்துச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தது. கோட்டைக்கு இதைவிட நல்ல ஓய்வூதியம் என்ன கிடைக்கும்?

அம்மாளுக்கு மட்டும் ஒரு குறை. "புல்லை அழகாக வெட்டுகிறார்கள் தம்பி. மதிலுக்கு விளக்குப் போடுகிறார்கள். எல்லாம் சரி. கட்டிடத்தை மட்டும் பழுது பார்த்தால் போதுமா? இந்தக் கைதிகளைப் பற்றி, அந்த மார்ட்டினாவைப் பற்றி, உங்கள் துரைசாமியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? சொல்லாவிட்டால் இது வெறும் தோட்டம்தானே!"

நியாயமான கேள்வி. பழைய இடத்தைப் பூங்காவாக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வலியெல்லாம் புல்லுக்கு அடியில் போய்விடும். யாருடைய பெயர் பெரியதாக எழுதியிருக்கிறதோ, அவர் மட்டுமே வாழ்ந்தார் என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். இது பினாங்குக்கு மட்டும் அல்ல; தரங்கம்பாடிக்கும் வேலூருக்கும்கூடப் பொருந்தும். பலகை வைப்பது சர்க்காரின் வேலையாக இருக்கலாம். கூட வரும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்வது நம் வேலை. அதிலும் அந்த வேலையைப் பெண்களைவிடத் திறமையாகச் செய்கிறவர்கள் யார்?

போகிறவர்களுக்கு

வெயில் தாழ்ந்து நாலரை மணிக்கு மேல் போவது உத்தமம். முதலில் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மணிக்கூண்டைப் பார்த்துவிடுங்கள். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதற்காக, வருஷத்துக்கு ஓர் அடியாக அறுபதடி உயரம் கட்டியது. இரண்டாவது மகாயுத்தத்தில் விழுந்த குண்டினால் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

பசித்தால் கடற்கரைக் கடைகளில் 'பசம்பூர்' கேளுங்கள். வெள்ளரிக்காய், இறால் வடை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டு, மேலே இனிப்பும் காரமுமான குழம்பு ஊற்றிக் கொடுப்பார்கள். சைவர்கள் இறாலை விலக்கச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வது நல்லது. 'நாசி கண்டார்' என்ற பெயரைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். நம் ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போல் கம்பை வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றதினால் வந்த பெயர் அது. மறுநாள் காலையில் 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் மசூதியையும், 1833-ம் வருஷத்து மாரியம்மன் கோயிலையும், சூலியா வீதியில் நம் நாகூரை நினைவூட்டும் தர்காவையும் நடந்தே பார்த்துவிடலாம்.

கோட்டைக்குப் போகும் வழியில் முடிந்தால் ஒரு முழம் பூ வாங்கிக்கொள்ளுங்கள். 'லிட்டில் இந்தியா' கடைத்தெருவில் கிடைக்கும். தலைக்கு வைத்தது போக மிச்சத்தை ஸ்ரீ ரம்பையின் வாயில் வைக்கலாம். வேண்டுதல் எதுவும் இல்லாவிட்டாலும் வைக்கலாம். நானூறு வருஷமாக ஊர் ஊராக இழுபட்டவளுக்கு அது ஒரு மரியாதை.

திரும்பும்போது அந்தச் சிலைக்கு முன்னால் பிள்ளைகளோடு ஒரு நிமிஷம் நில்லுங்கள். பீடத்தில் இருக்கும் பெயரை அவர்களே படித்துக்கொள்வார்கள். முகம் யாருடையது என்பதை நீங்கள் சொல்லுங்கள்.